ஏழாவது விரல்

கலவைக்காரரின் பத்து விரல்களையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துவிட்டு, இப்படி ஒரு ஆளே கிடையாது என்று அந்த போன் சொல்லிவிட்டது.

அறக்கட்டளையின் கூட்ட அறையில் நீள மேசையைச் சுற்றி நிர்வாகக் குழுவினர் ஏழு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஏழு பேருக்கும் ஏழு புது போன். ஆறு பேருடைய போன் ஆளுக்கு ஒரு நிமிஷத்தில் திறந்துகொண்டது. கடைசி நாற்காலியில் இருந்த கலவைக்காரருக்கு மட்டும் முக்கால் மணி நேரமாக நடந்துகொண்டிருந்தது. போன்களைக் கொண்டுவந்திருந்த கம்ப்யூட்டர்காரன் அவர் கையைத் தன் மடிமேல் வைத்துக்கொண்டு ஈரத்துணியால் துடைத்தான், காய்ந்த துணியால் துடைத்தான், வாயால் ஊதினான், வளையல்காரன் மாதிரி விரல் விரலாக உருவிப் பார்த்தான். ஒன்றும் நடக்கவில்லை.

“என்னங்க ஐயா இது, கண்ணாடி மாதிரி வழவழன்னு இருக்கு. ரேகையே காணோமே?”

“முப்பது வருஷம் சிமெண்டுல கிடந்த கை, தம்பி. அது தின்னுடுச்சு.”

“ஒரு விரலைக்கூட விடலையா?”

“பாரபட்சம் பாக்காம தின்னிருக்கு.”

மேசையே சிரித்தது. கலவைக்காரரும் சேர்ந்து சிரித்தார். சிரித்துக்கொண்டே கையை இழுத்து மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டார். அந்தக் கையைப் பார்த்து அவர் வெட்கப்பட்டது அன்றைக்குத்தான் முதல் தடவை.

அந்த அறக்கட்டளை நடத்தியது ஒரே ஒரு வீடுதான். தொழிலாளர்கள் அதை மூச்சு வீடு என்பார்கள். கல் தூசியிலும் சிமெண்டுத் தூசியிலும் நெஞ்சு கெட்டுப்போன கட்டட வேலைக்காரர்கள் வந்து, ஒரு மணி நேரம் படுத்து, மெஷின் கொடுக்கும் காற்றை வாங்கிக்கொண்டு போகிற இடம். ஆறு கட்டில், ஒரு மெஷின், ஒரு நர்ஸ். காலையில் கூலிக்கு ஆள் எடுக்கும் முக்கிலிருந்து இரண்டு தெரு நடந்தால் போதும். குழுவில் டாக்டர், வக்கீல், வியாபாரி என்று பெரிய மனிதர்கள் ஆறு பேர். ஏழாவது இருக்கை தொழிலாளர்களுக்கு. அதில் உட்கார அவர்கள் அனுப்பியிருந்தது கலவைக்காரரை. நாற்பது வயதுக்கு மேல் எழுத்துக் கூட்டப் படித்தவர், ஒரு தாளைக் கொடுத்தால் கடைசி வரி வரைக்கும் படிக்காமல் கீழே வைக்கமாட்டார் என்று அவருக்குப் பெயர்.

புது போன் வந்ததற்குக் காரணம் தலைவர்தான். அதுவரை குழுவின் பேச்செல்லாம் எல்லோரும் வைத்திருக்கிற சாதாரண போன் குழுவில் நடந்தது. ஒருநாள் தலைவர் நோயாளிகளின் பெயர்ப் பட்டியலையும் நெஞ்சுப் படங்களையும் குழுவுக்கு அனுப்புவதாக நினைத்துத் தன் சொந்தக்காரர்கள் குழுவுக்கு அனுப்பிவிட்டார். அதில் கல் அறுக்கிறவர், கட்டர் என்று எல்லோரும் கூப்பிடுகிறவர், அவருடைய நெஞ்சுப் படத்தைப் பார்த்துவிட்டு யாரோ ஒரு சித்தி, “குழந்தைக்கு எத்தனையாவது மாசம்?” என்று கேட்டு எழுதியிருந்தாள். கேட்டவர்கள் எல்லாம் சிரித்தார்கள். படத்தின் சொந்தக்காரர் கட்டர் மட்டும், “பெண் குழந்தையா இருந்தா நல்லது” என்று சொல்லிவிட்டு இருமினார்.

அதற்குப் பிறகுதான் இந்தப் பத்திரப் பெட்டி. போனுக்குள்ளே ஒரு பெட்டி. அதற்குள்ளேதான் குழுவின் பேச்சும் தாளும் ஓட்டும். விரல் வைத்தால்தான் திறக்கும். உள்ளே வருகிற எதையும் வெளியே அனுப்ப முடியாது, படம் எடுக்க முடியாது, மூன்று நாளில் தானே அழிந்துவிடும். ஓட்டுக்கும் விரல்தான். ஒரு தடவை வைத்தால் வைத்ததுதான்.

“விரல் வேண்டாம், ஏதாவது நம்பர் போட்டுத் திறக்க வழி இல்லையா தம்பி?” என்றார் கலவைக்காரர்.

“நம்பரை யாருக்கு வேணும்னாலும் சொல்லிடலாமே ஐயா. விரலைக் கழட்டிக் குடுக்க முடியாதுல்ல?”

செயலாளர் அம்மா கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். தப்பாக ஒரு வார்த்தை பேசாதவள். “ஒருத்தருக்காக விதியை மாத்தினா அப்புறம் அது விதியா ஐயா? வெள்ளிக்கிழமை வரைக்கும் நேரம் இருக்கு. சிமெண்டுக்குக் கொஞ்சம் லீவு விடுங்க. எண்ணெய் தடவுங்க. ரேகை தானா வந்துடும்.”

“வரலைன்னா?”

“வரலைன்னா அந்த இருக்கைக்கு ஓட்டு இருக்காது. வேற என்ன செய்ய முடியும், சொல்லுங்க?”

எண்ணெய் ஊற்றினால் முளைக்கிறதற்கு ரேகை என்ன தலைமயிரா என்று வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டார். அந்த மேசையில் அவர் விழுங்கியதை எல்லாம் சேர்த்தால் ஒரு மூட்டை தேறும்.

வீட்டில் மூன்று நாள் எண்ணெய் தடவினார். இரண்டு அறை வீடு. மனைவி போய்ச் சேர்ந்து ஆறு வருஷம். மகன் வண்டி ஓட்டுகிறவன். ஓட்டிக்கொண்டிருந்த கம்பெனியை இழுத்து மூடியதிலிருந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். மருமகள் ஜன்னலோரம் தையல் மெஷினை வைத்துக்கொண்டு பை தைப்பாள். பேத்தி இன்னும் பள்ளிக்கூடம் போகிற வயசுக்கு வரவில்லை. வியாழக்கிழமை சாயங்காலம், கலவைக்காரர் கட்டைவிரலை போன்மேல் வைத்துத் தேய்த்துக்கொண்டே இருப்பதை மருமகள் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மிதிப்பதை நிறுத்தினாள்.

“மாமா, பாத்திரம் தேய்க்கிற மாதிரி தேய்க்கிறீங்களே, அது தாங்குமா? இங்க குடுங்க.”

வாங்கித் தன் இடதுகை மோதிர விரலை வைத்தாள். யார் விரல் என்று பார்க்காமல், முதலில் பதிந்த விரலை ஏற்றுக்கொண்டு, போன் கிளுக்கென்று ஒரு சத்தம் போட்டுவிட்டுத் திறந்துகொண்டது. வரவேற்கிறோம் என்று எழுத்து வந்தது. கீழே கலவைக்காரரின் பெயர்.

“பாத்தீங்களா? அதுக்கு ஒரு விரல் வேணும், ஒரு விரல் கிடைச்சுடுச்சு. ஆள் நீங்க, விரல் நான்.”

“தப்பும்மா. யாரும் பாக்கக்கூடாதுன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கேன்.”

“நான் எதுக்குப் பாக்கறேன்? எனக்கு இந்த ஜிப்பு தைக்கவே கண்ணு போதலை. விரலை வெச்சுட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கறேன். ஊசி போட்டுக்கிற மாதிரி.”

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். மறுநாள் வெள்ளிக்கிழமை. ஏழாவது இருக்கை ஊமையாக உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பார்த்தார். அந்த மேசையில் மறுபடியும் ஆறு பேர் தன் கையை எட்டிப் பார்ப்பதையும் நினைத்தார். இரண்டில் எது பெரிதாகத் தெரிந்தது என்று பிற்பாடு அவரே தன்னைப் பல தடவை கேட்டுக்கொண்டார். அன்றைக்குக் கேட்கவில்லை.

“சரி, இருக்கட்டும்” என்றார்.

எட்டு மாசம் அப்படியே ஓடியது. வேலையிடத்துக்கு போனைக் கொண்டுபோனால் தூசி குடித்துச் செத்துவிடும் என்று அதை வீட்டில் ஒரு துணிப்பைக்குள் போட்டுவிட்டுப் போவார். சாயங்காலம் குளித்துவிட்டு வந்து, “அம்மாடி, ஒரு விரல்” என்பார். அவள் வந்து விரலை வைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பி நிற்பாள். அவர் எழுத்துக்கு அடியில் நகத்தை ஓட்டிக்கொண்டு நிதானமாகப் படிப்பார். நடுவில் போன் தூங்கிப்போகும்.

“இன்னொரு தடவை வைம்மா.”

“இன்னும் முடியலையா மாமா? கழுத்து பிடிச்சுக்குது.”

“ரெண்டு பத்தி இருக்கு.”

“அவங்கதான் நீளமா எழுதறாங்கன்னா நீங்க எழுத்தெண்ணிப் படிக்கறீங்க.”

கொஞ்ச நாள் போனதும், “இருங்க மாமா, அடுப்புல வெச்சிருக்கேன்” என்பாள். இருப்பார். அதற்கப்புறம், “இப்பவேவா?” என்பாள். அதற்கும் இருப்பார். பெட்டியைத் திறக்க அவருக்கு அவள் வேண்டும். அவளுக்கு அவர் வேண்டியதில்லை. இது அவர் மண்டையில் ஏறுவதற்குத்தான் எட்டு மாசம் ஆனது.

முதல் ஓட்டு, மூச்சு வீட்டுக்கு இரண்டாவது மெஷின் வாங்குவதா வேண்டாமா என்பது. நாலுக்கு மூன்று. அந்த நாலில் ஒன்று அவருடையது. மெஷின் வந்த அன்று கட்டர் அதில் முதல் ஆளாகப் படுத்து எழுந்து, “டேய் கலவை, உன் ஓட்டு உள்ள போகுதுடா, குளுகுளுன்னு இருக்கு” என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக இன்னும் நூறு தடவை அந்த மேசையில் உட்காரலாம் என்று தோன்றியது கலவைக்காரருக்கு. ஆனால் விரல் யாருடையது என்று கட்டரிடம்கூடச் சொல்லவில்லை. இருவரும் ஒரே சாரத்தில் பதினெட்டு வருஷம் நின்றவர்கள். ஒளித்து வைத்த விஷயம் என்று இருவருக்கும் நடுவில் அதற்குமுன் எதுவும் இருந்ததில்லை.

அப்புறம் ஒரு திங்கட்கிழமை அந்தத் தாள் வந்தது. மருமகள் ஐந்து தடவை விரல் வைத்த பிறகுதான் படித்து முடித்தார். மூச்சு வீட்டை ஊருக்கு வெளியே, விசாலமான இடத்துக்கு மாற்றுவது. இப்போதிருக்கும் கட்டடத்தைப் பயிற்சிக் கூடமாகவும் விருந்தினர் கூடமாகவும் ஆக்குவது. நல்ல காற்று, மரங்கள், நோயாளிகளுக்கு அமைதி என்று நிறைய எழுதியிருந்தது. எத்தனை பஸ் மாற வேண்டும் என்று எழுதியிருக்கவில்லை. அவருக்குத் தெரியும், இரண்டு. வெள்ளிக்கிழமைக்குள் ஓட்டு. ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் முடிவு.

மற்ற ஆறு பேரில் மூன்று பேர் வேண்டும் என்பார்கள், மூன்று பேர் வேண்டாம் என்பார்கள். ஆக, அந்த வீடு இருப்பதும் போவதும் ஏழாவது விரலில் நின்றது. அன்றைக்கே வேண்டாம் என்று போட்டுவிட்டு எழுந்திருக்கலாம். ஆனால் தன்னை அனுப்பியவர்களை ஒரு வார்த்தை கேட்காமல் போடக்கூடாது என்று அவருக்கு ஒரு பிடிவாதம். கேட்கவும் கூடாது, பெட்டிக்குள் இருப்பதை வெளியே சொல்லமாட்டேன் என்று கையெழுத்து. அவர்களுக்காகப் பேசத்தான் அவரை அனுப்பினார்கள். அவர்களிடம் பேசாமல் இருக்கத்தான் இவர்கள் கையெழுத்து வாங்கினார்கள்.

புதன்கிழமை வேலை முடிந்து மூச்சு வீட்டுக்குப் போய்ச் சுற்றி வளைத்துக் கேட்டார்.

“ஏண்டா, இந்த வீடு கொஞ்சம் தள்ளி இருந்தா வருவியா?”

கட்டர் மூக்கிலிருந்த குழாயை விலக்கினார். “எவ்வளவு தள்ளி?”

“ரெண்டு பஸ்.”

“ரெண்டு பஸ் ஏறி இறங்குற அளவுக்கு மூச்சு இருந்தா, நான் எதுக்குடா இங்க வரப்போறேன்?”

“அதுவும் சரிதான்.”

“யாரு சொன்னா?”

“சும்மா கேட்டேன்.”

“இது சும்மா கேக்கிற மூஞ்சியாடா? போய் ஏதோ பண்ணணும்னு இருக்கியே, அதைப் பண்ணு.”

ஓட்டைப் போடத்தான் வீட்டுக்கு வந்தார். வாசலில் மகன் தலை சீவி, மடிப்புக் கலையாத சட்டை போட்டு நின்றுகொண்டிருந்தான். எத்தனையோ நாளுக்குப் பிறகு பல் தெரியச் சிரித்தான்.

“அப்பா, அறக்கட்டளை வேன் ஓட்டக் கூப்பிட்டுட்டாங்க. நாளையிலிருந்து வரச் சொல்லிட்டாங்க.”

“யாரு கூப்பிட்டாங்க?”

“செயலாளர் அம்மாதான். உங்களுக்குத் தெரியாதா?”

ஒரு நிமிஷம் மனசு நிறைந்துதான் போனது. அதை அவர் யாரிடமும் மறைத்ததில்லை. பெற்றவர், என்ன செய்வார்? உள்ளே போய்க் கைகால் கழுவிக்கொண்டு துணிப்பையை எடுத்தார்.

“அம்மாடி, ஒரு விரல்.”

மருமகள் மெஷினை மிதிப்பதை நிறுத்தவில்லை. “அது ஆயிடுச்சு மாமா.”

“எது?”

“ஓட்டு.”

“யார் போட்டது?”

“நீங்கதான். உங்க பேர்லதான் இருக்கு.”

கலவைக்காரர் பையிலிருந்து போனை எடுத்து அவள் முன்னால் நீட்டினார். “என்னன்னு போட்டே?”

“மாத்தலாம்னு.”

பையின் ஓரத்தைத் தைத்து முடித்தாள். பிறகு அவளே நிறுத்திவிட்டுத் திரும்பினாள். அழவில்லை. அழுதிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“நேத்து மத்தியானம் அந்த அம்மா இந்த போன்லதான் கூப்பிட்டாங்க. ஐயா இன்னும் முடிவு பண்ணலை போல, வீட்டை மாத்துறது எல்லாருக்கும் நல்லது, கொஞ்சம் ஞாபகப்படுத்தும்மான்னாங்க. அப்புறம், உன் வீட்டுக்காரர் வேன் ஓட்டுவாராமே, அதையும் இந்த வாரம்தான் முடிவு பண்றோம்னாங்க. ரெண்டையும் தனித்தனியாத்தான் சொன்னாங்க.”

“நீ ரெண்டையும் முடிச்சுப் போட்டுட்டே.”

“அவங்க முடிச்சுப் போட்டுத்தான் குடுத்தாங்க. நான் அவுக்கலை, அவ்வளவுதான்.”

“அங்க எத்தனை பேர் மூச்சு அதுல இருக்குன்னு தெரியுமாம்மா உனக்கு?”

“தெரியாது. நீங்கதான் யாரும் பாக்கக்கூடாதுன்னு சொன்னீங்களே. எட்டு மாசமா சுவரைத்தான் பாத்தேன். இந்தப் பக்கம் திரும்பினா உங்க பிள்ளை, அவரும் சுவரைப் பாத்துட்டு இருப்பாரு. நீங்க ஊருக்காக யோசிக்கிறீங்க மாமா, நான் இந்த நாலு பேருக்காக யோசிச்சேன். அந்த நாலு பேர்ல நீங்களும் ஒருத்தர்.”

கத்த நினைத்தார். எதைச் சொல்லிக் கத்துவது? என் விரலை நீ எப்படி வைக்கலாம் என்றா?

மறுநாள் வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு அறக்கட்டளை அலுவலகத்துக்குப் போனார். செயலாளர் அம்மா டீ வரவழைத்தாள். அவர் தொடவில்லை.

“அம்மா, அந்த ஓட்டு என்னோடது இல்லை. விரல் என்னோடது இல்லை. ஆரம்பத்திலிருந்தே இல்லை.”

அவள் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள். “எனக்குத் தெரியாதுன்னு நினைச்சீங்களா ஐயா? முப்பது வருஷத்துல போன ரேகை மூணு நாள்ல முளைச்சுதுன்னா நம்புறதுக்கு நான் என்ன பச்சைக் குழந்தையா?”

“தெரிஞ்சா அன்னைக்கே ஏன் கேக்கலை?”

“நீங்க சங்கடப்படுவீங்கன்னுதான்.” குரலில் அவ்வளவு பரிவு. “இப்ப பாருங்க, இந்த ஓட்டு செல்லாதுன்னா எட்டு மாசமா நீங்க போட்ட எதுவுமே செல்லாது. ரெண்டாவது மெஷின் உங்க ஒரு ஓட்டுலதான் வந்துச்சு. அதைத் திருப்பி அனுப்பணும். உங்க மருமகளை வேற விசாரிக்கணும். வேணுமா இதெல்லாம்? வீட்டுக்குப் போய் யோசிங்க.”

இத்தனை நாள் அவர் சங்கடப்படக்கூடாதே என்று அவள் பத்திரமாக எடுத்து வைத்திருந்தது எதற்கு என்று அப்போதுதான் விளங்கியது.

மூன்று நாள் யோசித்தார். மெஷின் போனால் கட்டர் மாதிரி ஆட்கள் மறுபடியும் வரிசையில் காத்திருப்பார்கள். வீடே போனால் வரிசையே கிடையாது. இதில் கணக்குப் போட என்ன இருக்கிறது? ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். மருமகளைக் காட்டிக் கொடுக்காமல், “வீட்டு ஆள் விரல்” என்று மட்டும் சொன்னார். கைகள் இரண்டையும் மேசைமேல் விரித்தே வைத்தார்.

யாரும் சிரிக்கவில்லை. வேண்டாம் என்று ஓட்டுப் போட்டிருந்த குழு உறுப்பினர், ஓய்வுபெற்ற நர்ஸம்மா ஒருத்தி, “உங்களை நம்பித்தானேய்யா இருந்தேன்” என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தலைவர் பெருமூச்சு விட்டார். பாதுகாப்பு மீறல் என்றார். இவ்வளவு செலவு செய்து ஒரு பூட்டு போட்டால், சாவியை வாசலில் தொங்கவிட்ட மாதிரி ஆயிற்றே என்று வருத்தப்பட்டார். சித்தியின் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

கலவைக்காரரின் ஓட்டு செல்லாது என்று முடிவாயிற்று. பழைய ஓட்டுகளைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. இரண்டாவது மெஷின் பக்கத்தில் தலைவர் நிற்கிற படம் அந்த அறையிலேயே சட்டம் போட்டு மாட்டியிருந்தது. மிச்சம் மூன்றுக்கு மூன்று.

“இப்ப சொல்றேன், வேண்டாம்னு. எல்லார் முன்னாடியும் சொல்றேன். எழுதிக்கங்க” என்றார் கலவைக்காரர்.

“வெள்ளிக்கிழமையோட முடிஞ்சுதே ஐயா” என்றாள் செயலாளர் அம்மா.

சரிக்குச் சரியாக நின்றால் தலைவர் இன்னொரு ஓட்டுப் போடலாம் என்று விதி. போட்டார். வீடு போயிற்று. பாதுகாப்பான ஏற்பாடு கிடைக்கும் வரை ஏழாவது இருக்கையை நிறுத்தி வைப்பது என்றும் முடிவாயிற்று.

போனைத் திருப்பிக் கொடுக்கும்போது கலவைக்காரர் ஒன்றே ஒன்று கேட்டார். “நான் இங்க சொன்னதை ஒரு தாள்ல எழுதி, கையெழுத்துப் போட்டுக் குடுங்கம்மா. என்னை அனுப்பினவங்ககிட்டக் காட்டணும்.”

“அது பெட்டிக்குள்ள போயிடுச்சு ஐயா. மூணு நாள்ல அழிஞ்சுடும். வெளிய எடுக்க முடியாது.” கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டாள். “அதுக்குத்தானே இவ்வளவும் பண்ணினோம்?”

மறுநாள் மூச்சு வீட்டுக் கதவில் அறிவிப்பு ஒட்டியிருந்தது. தொழிலாளர் பிரதிநிதியும் இடம்பெற்ற நிர்வாகக் குழு நன்கு ஆலோசித்து எடுத்த முடிவு என்று இருந்தது. அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. கலவைக்காரர் இரண்டு தடவை படித்துப் பார்த்தார், சண்டைக்குப் போக ஒரு பிடி கிடைக்குமா என்று. கிடைக்கவில்லை.

கூலி முக்கில் அவர் போய் நின்றால் பேச்சு நின்றது. ஒருநாள் ஒரு சித்தாள் பெண் சத்தமாகவே சொன்னாள். “வழி விடுங்கப்பா, வேன்காரரோட அப்பா வர்றாரு. நமக்கெல்லாம் மூச்சு போனா என்ன, அவங்களுக்கு வண்டி வந்துடுச்சுல்ல!” சிரிப்பு எழுந்தது. மேஸ்திரி மட்டும் அவரைப் பார்க்காமல், “கலவைக்கு ஆள் போதும்” என்றான். முப்பது வருஷத்தில் அப்படி ஒரு காலை அவருக்கு வந்ததில்லை.

கட்டர் பக்கம் போகவே பத்து நாள் ஆயிற்று. போனது வீடு மாறுகிற அன்று. நாலு கட்டில் ஏற்கெனவே போயிருந்தது. மிச்சம் இரண்டில் ஒன்றில் கட்டர் கடைசித் தடவையாகப் படுத்திருந்தார். கலவைக்காரர் பக்கத்தில் தரையில் குந்தி, ஆரம்பத்திலிருந்து எல்லாவற்றையும் சொன்னார். எண்ணெய் தடவியது, மோதிர விரல், சுவர்ப்பக்கம் திரும்பியது, செயலாளர் அம்மா கதவைச் சாத்தியது எல்லாம். போட்ட கையெழுத்தை நினைக்கவே இல்லை. அவ்வளவையும் சொல்லி முடித்தபோது, மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. “நீ நம்ப மாட்டே, தெரியும்” என்றார்.

“நம்பறேன்” என்றார் கட்டர். குழாய் மூக்கில் இருந்ததால் குரல் எங்கிருந்தோ வந்தது. “ஏன் நம்பாம? போன வருஷம் அந்தப் பெரிய கட்டடத்துல வருகைக்கு விரல் மெஷின் வெச்சாங்களே, தெரியுமா? ஒருத்தன் விரலும் எடுக்கலை. நாங்க அம்பது பேர் வாசல்ல கையை நீட்டிட்டு நின்னோம். எங்க கை இப்படித்தான், வேணும்னா மெஷினை மாத்துன்னோம். ஒரு வாரம்கூட இல்லை, தூக்கி மூலையில போட்டுட்டு நோட்டு எடுத்துட்டு வந்தாங்க.”

மூச்சு வாங்கினார்.

“உன் மருமக வயித்துப்பாட்டுக்குப் பண்ணிச்சு. அதை விடு. அந்த அம்மா அப்படித்தான், அதையும் விடு. உன் விரல் எடுக்கலைன்னு அன்னைக்கே வந்து எங்ககிட்டச் சொல்லியிருந்தா, இந்த வாசல்ல எத்தனை கை நீண்டிருக்கும்டா? நம்ம ஆள் உக்கார்ற நாற்காலிக்கு நம்ம ஆள் ஒருத்தன் விரலும் ஆகாத பூட்டு போட்டிருக்கான். அது அவன் வெக்கப்பட வேண்டிய விஷயம். நீ எடுத்து உன் மடியில கட்டிக்கிட்டே.”

“இருக்கை போயிடும்னு பயந்தேன்டா.”

“இருக்கைக்கா பயந்தே?” கட்டர் கண்ணை மூடிக்கொண்டார். “அவங்க முன்னாடி கையைக் காட்டப் பயந்தே.”

இல்லை என்று சொல்ல வாயெடுத்தார். மூன்று நாள்தான் கொடுத்தார்கள், இரண்டாவது மெஷின் வந்ததே, எல்லாவற்றையும் நானே ஒப்புக்கொண்டேனே என்று வரிசையாகப் பதில்கள் வந்தன. ஒன்றுகூட அந்தப் பேச்சுக்குப் பதில் இல்லை. கட்டருக்கு இருமல்தான் வந்தது. நர்ஸ் ஓடிவந்து, “பேச வைக்காதீங்க, வெளிய போங்க” என்று அவரை எழுப்பினாள்.

வாசலில் வண்டி நின்றது. ஐந்தாவது கட்டிலைத் தூக்கிக்கொண்டு இரண்டு பேர் படியில் திணறிக்கொண்டிருந்தார்கள். கூலிக்கு வந்த ஆட்கள், அவரைத் தெரியாது. அதில் ஒருவன் குரல் கொடுத்தான்.

“பெரியவரே, சும்மாதானே நிக்கிறீங்க? அந்தப் பக்கம் ஒரு கை பிடிங்க.”

கனமான பொருளைப் பிடிக்க யாராவது கூப்பிட்டால், யோசிப்பதற்கு முன்னால் போய்விடுகிற கை அது. போய்ப் பிடித்தது. இரும்புக் கட்டில், நல்ல பாரம். இரண்டு படி இறங்கிய பிறகுதான் என்ன செய்கிறோம் என்று அவருக்கு உறைத்தது. விட்டால் கீழே நிற்கிறவன் காலில் விழும். விடவில்லை. வண்டி வரைக்கும் கொண்டுபோய், அவர்கள் சொன்ன இடத்தில் வைத்தார்.